பல்லிக்குப் பங்கு பிரித்த சேவையர்

கரவெட்டியில் சேவையர் கேதீஸ்வரன் வருகிறார் என்றால் சகோதரங்களுக்குப் பயம். முப்பத்தைந்து வருடமாகக் காணி அளந்து, கல்லுப் போட்டுப் பிரித்துக் கொடுத்த ஆள். நூல் பிசகாது. பிரித்துவிட்டுப் போனபிறகு அந்தக் குடும்பங்கள் முகம் பார்த்துக் கதைக்காது, அது வேறு விஷயம். எங்கள் காணியையும் அவர்தான் பிரித்தார். அதனால் எனக்கு அவரைப் பிடிக்காது.

மனைவி இறந்தபின் வீட்டில் அவரும் மகள் கோபிகாவும்தான். போன வருடம் கோபிகா படிக்க மெல்பேர்னுக்குப் போனாள். போகும்போது தான் வளர்த்த இரண்டு சிறுத்தைப் பல்லிகளைத் தகப்பன் தலையில் கட்டினாள். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி. ஊர்ப் பல்லி சுவரில் ஏறும், சகுனமாவது சொல்லும். இதுகளுக்கு இரண்டும் தெரியாது. ஆனாலும் பல்லியைப் பார்க்கும் சாட்டில் அவள் தினமும் வீடியோவில் வந்தாள். அந்த மனுசனுக்கு நாளில் கிடைத்த பேச்சே அதுதான்.

இரண்டும் ஆண். ஆளுக்கொரு மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. ஒருநாள் ஒரு தொட்டி வெடித்துவிட்டது. சேவையர் யோசிக்கவேயில்லை. மிஞ்சிய தொட்டியின் நடுவில் கண்ணாடி வைத்து, பக்கத்துக்குப் பதினெட்டு அங்குலமாகப் பிரித்துவிட்டார்.

சூட்டு பல்ப் ஒரு கரையில் இருந்தது. ஒன்றுக்கு வெக்கை, மற்றதற்குக் குளிர். போதாக்குறைக்கு இரண்டும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்று நாள்முழுக்க முறைத்தன. சரியான யாழ்ப்பாணத்துப் பல்லிகள். மூன்றாம் கிழமை குளிர்ப் பக்கத்துப் பல்லி சாப்பாட்டை விட்டது. கொழுத்த வால் ஈர்க்காக மெலிந்தது.

"அப்பா, உதென்ன கூத்து? அது செத்துப்போடும்!" கோபிகா போனில் அழுதாள்.

"சரி பாதியாத்தானே பிள்ளை பிரிச்சனான்."

"ஒண்டுக்கே மூண்டடி வேணும், அப்பா. ஒரு கரை சூடு, மறுகரை குளிர், இரண்டும் அதுக்கு வேணும். மற்றதின்ரை கண்ணிலையும் படக்கூடாது."

புதுத் தொட்டி செய்ய ஒரு கிழமை என்றான் கண்ணாடிக் கடைக்காரன். அவ்வளவு நாள் பல்லி தாங்காது. ஊரில் சும்மா கிடந்த மூன்றடி மீன்தொட்டி ஒன்றே ஒன்று. அது தகர வேலிக்கு அந்தப் பக்கம், அவரின் கூடப்பிறந்த அக்கா ஞானாம்பிகையின் விறாந்தையில். தாய் தகப்பன் காணியைக் கேதீஸ்வரன் பிரித்த நாளிலிருந்து, ஒன்பது வருடமாக, அக்கா அவரோடு கதைப்பதில்லை.

மனுசன் வேலியடியில் அரைமணித்தியாலம் நின்றார். பிறகு கூப்பிட்டார். "அக்கா!"

ஞானாம்பிகை எட்டிப் பார்த்தா. "என்ன, மிச்சத்தையும் அளக்க வந்தனியோ?"

அவர் பல்லியின் கதையைச் சொன்னார். அக்கா முழுதும் கேட்டா.

"எங்களுக்கும் உப்பிடித்தானே பிரிச்சனி. அளவு சரி. கிணறு உன்ரை பக்கம். ஒன்பது வருசமா நான் சந்திப் பைப்பிலை தண்ணி சுமக்கிறன். நீ ஒருக்கால் எட்டிப் பாத்தனியோ?"

சேவையருக்கு வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது.

"தொட்டி தரமாட்டன்," என்றா அக்கா. "பல்லியை இஞ்சை கொண்டா. பல்பும் ஒண்டு கொண்டா. பூச்சி நீதான் நெடுகக் கொண்டுவந்து போடவேணும். வேலியாலை எட்டிப் பாக்காமல், படலையாலை வா."

பத்தாம் நாள் பல்லி முதல் பூச்சியை விழுங்கியது. அதைக் கோபிகாவுக்குக் காட்டிவிட்டு வந்த சேவையர், கிணற்றடி வேலியில் தகரங்களைக் கழற்றத் தொடங்கினார். சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தா.

"படலையாலை வாடா எண்டால், என்ன செய்யிறாய்?"

"நீங்கள் தண்ணி அள்ள வழி வேணுமெல்லோ."

"எத்தினை அடி விடுறாய்?"

"தெரியாது அக்கா. அளக்கேல்லை."