பாண்டிசெல்விக்கு எழுதிக் கொடுத்த லீவு

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், அறுந்த இழைகளைப் பிணைக்கும் வேலை பாண்டிசெல்விக்கு. சுந்தரபாண்டியத்திலிருந்து மில் பஸ்ஸில் போய் வருவாள். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துத் தங்கிய கரு, மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. முகம் பார்க்காததற்கெல்லாம் அழக்கூடாது என்று மாமியார் சொன்னதோடு சரி. கணவன் முத்துக்குமரன் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனால் இருட்டித்தான் வந்தான்.

வேலைக்கு வராத நாட்களுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டும் என்று மில்லிலிருந்து போன் வந்தது. இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காய்ச்சல் என்று எழுதி ஒரு வாரம் போட்டுத் தரும்படி டாக்டர் வெங்கடேஸ்வரியிடம் பாண்டிசெல்வி கேட்டாள். விஷயம் தெரிந்தால் மில்லில் ஆளுக்கொன்று பேசுவார்கள், வளைகாப்புக்குக்கூட இனிக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம்.

"இல்லாத காய்ச்சல நான் எப்பிடிம்மா எழுத?" என்றார் டாக்டர். "கரு கலைஞ்சா சம்பளத்தோட ஆறு வாரம் லீவு சட்டத்துலயே இருக்கு. மறைக்கிறதுக்கு நீ என்ன தப்பா பண்ணுன?"

பாண்டிசெல்வி தலைகுனிந்தபடியே சரி என்றாள்.

வெளியே வந்ததும் முத்துக்குமரன் சர்டிபிகேட்டை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தான். பன்னிரண்டு வாரக் கரு என்று இருந்த இடத்தில் நின்றுவிட்டான்.

"பன்னெண்டு வாரம் நம்மகிட்ட இருந்திருக்கு, செல்வி."

அவன் அழுது அன்றைக்குத்தான் பார்த்தாள். அதுவரை அடைத்துக் கிடந்த அழுகை அவளுக்கும் வந்தது. ஆட்டோவுக்குள் உட்கார்ந்து இருவரும் அழுதார்கள்.

மறுநாள் சர்டிபிகேட்டை அவனே மில்லுக்குக் கொண்டுபோனான். ஆபீஸிலிருந்த ஜெபா படித்துவிட்டு, கவரில் போட்டு ஒட்டி, இது தன்னைத் தாண்டிப் போகாது என்றாள். அதன் பிறகு அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வரத் தொடங்கினான். சில நாள் சப்பட்டை மாம்பழம் வாங்கி வந்து, தானே நறுக்கிக் கொடுப்பான்.

லீவு முடிந்து, வேலை செய்யத் தகுதி என்ற இன்னொரு சர்டிபிகேட்டோடு அவள் மில்லுக்குப் போனாள். பக்கத்து மெஷினில் நிற்கும் வெள்ளத்தாய், என்னட்டி இம்புட்டு மெலிஞ்சிட்ட என்று கேட்டாள். ஜெபா வாய் திறக்கவில்லை என்பது புரிந்தது. எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"பிள்ளை உண்டாகியிருந்துச்சுக்கா. மூணு மாசத்துல போயிருச்சு."

வெள்ளத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"செத்த நேரம் ஒக்காரு. ஒன் மெஷினையும் நான் பாத்துக்கிடுதேன்."

டீ வரும்வரை பாண்டிசெல்வி உட்கார்ந்திருந்தாள்.