ஜாவுக்குக் கீழே என் கை

எனக்கு வலது கையில் ஐந்து விரலும் இருக்கின்றன. இந்த வேலையில் இருபது வருஷம் ஆன எல்லாருக்கும் அப்படி இல்லை.

நாச்சாரத்தில் ஒரு ஷெட்டில் பாக்கெட் போடும் மெஷின் கட்டுகிறோம். நான் ஃபிட்டர். பாக்கெட்டின் வாயைச் சூட்டோடு அழுத்தி ஒட்டும் இரும்புக் கட்டைக்கு ஜா என்று பெயர். காற்று தள்ளினால் இறங்கும். ஸ்பிரிங் இழுத்தால் ஏறும். இறங்கக் கண் இமைக்கும் நேரம் போதும்.

அன்று காலை மெஷின் பாதியில் உறைந்து நின்றது. ஒரு வாரமாகத் தினம் ஒன்றிரண்டு தடவை இப்படி. மறுநாள் வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். ப்ரோக்ராம் எழுதியது ஒரு திருநெல்வேலிப் பெண். சேர்ந்து இரண்டு மாதம். லேப்டாப்போடு ஓடி வந்து, மெஷினை ஓட்டும் போர்டில் கேபிளைச் செருகினாள்.

"கரண்டை ஆஃப் பண்ணிராதீங்கண்ணே. பண்ணினா ஏன் நின்னுச்சுங்கற தடயமெல்லாம் போயிரும்."

உள்ளே கை விடும்போது ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். அன்று அது முடியாது.

பாக்கெட் ஆகும் பிளாஸ்டிக் ஃபிலிமில் உள்ள கறுப்புக் கோட்டைப் பார்க்கும் கண் ஜாவுக்கு அடியில் இருக்கிறது. கோடு நகராமல் ஃபிலிமைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். ஜாவின் சூடு புறங்கையில் தெரிந்தது.

"இது வந்துராதே?"

"இன்னும் ரன்னே குடுக்கலண்ணே. குடுத்தாலும் முதல்ல லைட்டுதான் எரியும். பச்சை பட்டனை அமுக்குற வரைக்கும் ஜா அசையாது. சிமுலேட்டர்ல நூறு தடவை பாத்துட்டேன்."

சிமுலேட்டர் என்பது அவள் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் போலி போர்டு. அதில் ரன் கொடுத்தால் எப்போதும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதற்குக் காற்றும் இல்லை, சூடும் இல்லை.

தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"ரன் எடுக்க மாட்டேங்குது. இது வெளி போர்டாம். கன்டினியூ குடுக்கச் சொல்லுது."

"ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதாண்ணே."

நான் எட்டாவது வரைதான். ஆனால் இந்த மெஷின் காலையிலிருந்து ஓடி நடுவில் நின்றது என்று எனக்குத் தெரியும்.

"எங்கேர்ந்து கன்டினியூ பண்ணும்?"

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நில்லும்மா."

இடது கையை நீட்டினேன். காற்று வால்வு விரல் நுனிக்குத்தான் எட்டியது. பிடி இறுகிக் கிடந்தது.

"என் ப்ரோக்ராம் மேல நம்பிக்கை இல்லையாக்கும்."

"விரல் மேல ஆசை."

வால்வு திரும்பியது. மீதிக் காற்று உஸ்ஸென்று வெளியேறியது.

"இப்ப அடி."

டக் என்றது. ஜாவுக்குக் காற்றைத் திறந்துவிடும் சத்தம். லைட் எரியவில்லை. பச்சை பட்டனை யாரும் தொடவில்லை. காற்று இருந்திருந்தால் ஜா இறங்கியிருக்கும்.

எழுந்து நின்றாள்.

"முதல்லருந்து போகல. நின்ன இடத்துலருந்து போயிருக்கு."

"ஹவ்," என்றேன். இந்த ஊர்ப் பேச்சில் ஆமாம் என்று அர்த்தம்.

"கையை எடுங்கண்ணே."

"காத்து இல்லம்மா, வராது. கோடு நகர்ந்துடும்."

"நகரட்டும். எடுங்க."

எடுத்தேன்.

மூன்றரை மணிக்கு மறுபடி உறைந்தது. இந்தத் தடவை ஃபிலிமை ஒரு மரச்சட்டம் பிடித்தது. நான் வால்வுப் பக்கம் நின்றேன்.

"காத்து?" என்றாள்.

"மூடிட்டேன்."

எழுந்து வந்து வால்வைத் தானே தொட்டுப் பார்த்தாள். பிறகு போய்த் தட்டினாள்.