சாவடியோடு திரும்புகிறவள்

எங்கள் மலைப்பகுதியில் மி யோவை அறியாதவர் இலர். வெளிநாட்டுப் பயணிகளைக் காட்டுவழியே அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுள் பெண் அவள் ஒருத்திதான். முதல் நாள் இரவு லாகு மக்களின் ஊரிலும், இரண்டாம் நாள் இரவு அவள் பிறந்த ஆக்கா மக்களின் ஊரிலும் தங்குவார்கள். மூன்றாம் நாள் பிற்பகலில் தார்ச்சாலைக்கு இறங்குவார்கள். அங்கே சியாங் மாய் நகரத்திற்குச் செல்லும் வேன் காத்திருக்கும். பயணிகள் அவளைக் கட்டித் தழுவி, படம் எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். வேன் காவல் சாவடியைக் கடந்து வளைவில் மறையும். அவள் வந்த வழியே திரும்பி நடப்பாள்.

அந்தச் சாவடியை அவள் கடக்கலாகாது. குடியுரிமை அட்டை அவளிடம் இல்லை. மலைவாழ் மக்களைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்த ஆண்டில், அவளுடைய பெற்றோர் அறுவடைக்காகத் தொலைவிலிருந்த வயற்குடிசையில் தங்கியிருந்தனர். கணக்கில் விடுபட்டவர்கள் விடுபட்டவர்களாகவே இறந்தும் போயினர். அட்டையில்லாதவர் மாவட்ட எல்லையைத் தாண்டினால் பிடிபடுவர். ஒருமுறை வேனின் பின்னிருக்கையில் மூட்டைகளுக்கிடையே ஒளிந்து சென்று பிடிபட்டு, காவலறையில் அடைபட்டுத் திரும்பியவள் அவள். பூமியின் மறுகோடியிலிருந்து வருபவர்களுக்கு வழிகாட்டும் அவள், தன் மகள் மி நா தையற்கடையில் வேலை செய்யும் நகரத்தைப் பார்த்ததில்லை. கணவனுக்கு அட்டை இருந்தது. அதனால் மகளுக்கும் கிடைத்தது. தாய்க்கு மட்டும் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் மகள் கருவுற்றிருந்தாள். பேறுகாலத்திற்குத் தாய் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று மகளும் விரும்பினாள், தாயும் விரும்பினாள். அதற்கு அட்டை வேண்டும். அட்டைக்குச் சாட்சி வேண்டும். அவள் இந்த மண்ணில் பிறந்ததைக் கண்ணால் கண்ட, அட்டையுள்ள பெரியவர் ஒருவர் மாவட்ட அலுவலகத்தில் நேரில் நின்று சொல்லவேண்டும். அவ்வாறு கண்டவர்களுள் உயிரோடு இருந்தவர் ஊர்ப் பூசாரி லோச்சே ஒருவரே. விசாரணைக்கு நாள் குறித்துத் தந்ததும், அந்த நாளிலேயே பயணத்தின் மூன்றாம் நாள் வருமாறு மி யோ ஒரு குழுவை ஏற்பாடு செய்துகொண்டாள். விடியலில் லோச்சேயும் குழுவோடு இறங்குவார். சாவடிக்கு இப்பாலேயே இருக்கும் அலுவலகத்தில் வேன் அவர்களை இறக்கிவிடும். அதற்காக வேனை முற்பகலிலேயே வரச் சொல்லியிருந்தாள்.

இரண்டாம் நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. அட்டைப்பூச்சிக் கடியும் சேறுமாகப் பயணிகள் ஐவரும் லோச்சேயின் வீட்டை அடைந்தனர். மழை விட்டதும், நனைந்த காலுறைகளைக் காயவைக்க இடம் கேட்டனர். அவ்வீட்டின் கூரை ஒருபுறம் மலைச்சரிவை ஒட்டித் தாழ்ந்திருக்கும். மி யோ ஒரு பலகையைச் சரிவிலிருந்து கூரைக்குச் சாய்த்து, ஏறிக் காலுறைகளைப் புல்வேய்ந்த கூரைமேல் பரப்பினாள். அதன்பின் மூங்கில் குருத்தும் மிளகாய்த் துவையலுமாகச் சமையலில் மூழ்கினாள். பலகையை எடுக்க மறந்தாள்.

பொழுது புலரும் வேளையில், பக்கத்து வீட்டுக் கைம்பெண் மி புயாவின் குரல்தான் ஊரை எழுப்பியது.

"ஐயையோ, எல்லாரும் ஓடி வாங்க! நாய் கூரை மேல நிக்குது! பூசாரி வீட்டுக் கூரை மேலயே நிக்குது!"

காலுறை ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, லோச்சேயின் கறுப்பு நாய் கூரை முகட்டில் நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது.

ஆக்கா ஊரில் நாய் கூரையேறுவது சிறிய செய்தியன்று. கெட்டது உள்ளே வர வழி பார்க்கிறது என்று பொருள். அன்று முழுவதும் ஊரை அடைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர் வெளியேறக் கூடாது. வெளியே இருப்பவர் நுழையக் கூடாது. மறுநாள் சேவல் கூவும்வரை ஊர் வாயிலில் மூங்கிற் பிளாச்சால் பின்னிய விண்மீன் தொங்கும். மீறியவர் பன்றி அபராதம் தரவேண்டும்.

லோச்சே வெளியே வந்து கூரையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு மி யோவைப் பார்த்தார்.

"நான் ஒருத்தன் பாத்திருந்தா கண்ணு மங்கலா இருக்குன்னு சொல்லிக் கெளம்பியிருப்பேன். மொதல்ல பாத்தவ மி புயா. அவ பாத்தா அடுத்த மலைக்காரனும் பாத்த மாதிரிதான்."

"பாத்ததப் பாக்கலன்னு சொல்லச் சொல்றீங்களா?" என்று மி புயா சீறினாள். "காலம்பற சாணி அள்ள வந்தவளுக்கு இது தேவையா? பலகையச் சாச்சு வெச்சவளக் கேளுங்க!"

மி யோ ஊரின் இரு வாயில்களிலும் விண்மீன்கள் கட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பயணிகளுக்கு எடுத்துரைக்கும் வேலை அவளுடையது. மார்க்கஸ் என்னும் உயரமான ஆஸ்திரியருக்கு மறுநாள் விமானம் இருந்தது.

"நாய் கூரை ஏறினதுக்கு நாங்க சிறையா?" என்று அவர் கேட்டார்.

"சிறை இல்ல சார். நாளைக்குக் காலையில போயிடலாம். உங்க விமானம் ராத்திரிதானே?"

"அபராதம்னா நான் பன்னி வாங்கித் தரேன். ரெண்டு பன்னி கூட வாங்கித் தரேன். இப்பவே போகலாம்."

"பன்னி வாங்கிடலாம் சார். சாட்சி வாங்க முடியாது."

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வாயிலருகே அமர்ந்திருந்த லோச்சேயிடம் சென்றாள். அவர் புகைக்குழலைத் தட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பாராமல் சொன்னார்:

"பன்னித் தொழுவத்துக்குப் பின்னாடி ஓடை எறங்குது. நான் இந்த வாசல்லதான் நாள் முழுக்க உக்காந்திருப்பேன். எனக்கு முதுகுல கண்ணு கெடையாது."

"நான் மட்டும் போய் என்ன பண்றது பெரியப்பா? 'நான் பொறந்தத நானே பாத்தேன்'னு சொல்லவா?"

அவர் சிரித்தார், அவளும் சிரிக்க முயன்றாள். பிறகு, அதுவரை எவரும் எந்த ஆக்காப் பூசாரியிடமும் கேட்டிராததை அவள் கேட்டாள்.

"நீங்களும் வாங்க. சாயங்காலத்துக்குள்ள வேன்ல கொண்டுவந்து விட்டுடறேன். ஒரே ஒரு தடவ."

லோச்சே புகைக்குழலை மீண்டும் தட்டினார். அவளுக்கு என்ன சொன்னால் விளங்கும் என்று தேடினார்.

"ஊர அடைச்சவனே ஊரத் தாண்டினா, அது அடைச்சதாகுமா? இங்க மூணு பொண்ணுங்க மாசமா இருக்காங்க. மி புயா மருமக உட்பட. நாளைக்கு ஒருத்திக்கு ஏதாவது ஆச்சுன்னா, நாய்மேல பழி போடமாட்டாங்க, என்மேலயும் போடமாட்டாங்க. யார்மேலன்னு உனக்கே தெரியும். அவங்க போடாட்டியும், நீயே போட்டுக்குவ."

மி யோ தன் மகளை நினைத்தாள். அதற்குமேல் கேட்கவில்லை.

அன்றைய பகல் நகரவேயில்லை. பயணிகள் சீட்டாடினர், சலித்தனர், வாயில்வரை நடந்து விண்மீனைத் தொடாமல் பார்த்துவிட்டுத் திரும்பினர். இரண்டு வாயில்களுக்கிடையே நடப்பதற்கு அந்த ஊரில் அதிகத் தொலைவில்லை. ஓடும் நீரின் ஓசை எங்கும் கேட்டது. ஓடைக்கு இறங்கத்தான் ஆளில்லை. நண்பகலை ஒட்டி, கீழே வெகு தொலைவில் வேனின் ஒலிப்பான் சத்தம் எழுந்தது. சிறிது இடைவெளி விட்டு மீண்டும் எழுந்தது. ஓட்டுநர் கோபக்காரர்; பொறுமையாக அடிக்கும் வழக்கம் அவருக்கில்லை, அன்று மட்டும் பொறுத்தார். மூன்றாம் முறை நீளமாக ஒலித்துவிட்டு நின்றது. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒலி நின்றபின்னும் முறத்தை அசைக்காமல் வைத்திருந்தாள்.

மி புயா ஒரு கிண்ணம் நிலக்கடலையைக் கொணர்ந்து அவள் முன்னே வைத்தாள்.

"கத்தியிருக்க வேண்டாம்தான். வாய் என் பேச்சக் கேக்கல," என்றாள்.

"நாய் என் பேச்சக் கேக்கல, வாய் உங்க பேச்சக் கேக்கல. தின்னுவோம், வாங்க," என்றாள் மி யோ.

மறுநாள் சேவல் கூவியதும் இறங்கினார்கள். வேனை மீண்டும் வரவழைத்து மார்க்கஸ் தம் விமானத்தைப் பிடித்தார். மி யோவும் லோச்சேயும் அலுவலகத்திற்குச் சென்று நின்றனர். நேற்றைய நாளுக்கு இன்று வந்தவர்களை எழுத்தர் விசித்திரமாகப் பார்த்தார். நாய் கூரையேறிய காரணம் அங்கே செல்லுபடியாகவில்லை. அடுத்த விசாரணை மழைக்காலம் கழிந்து, அறுவடையும் கழிந்து என்று சொல்லியனுப்பினார்.

திரும்பும் வழியில், ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்ற லோச்சே இருமினார். மி யோ அவரைக் கவலையோடு உற்றுப் பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்கற? அறுவடை வரைக்கும் நான் சாகக்கூடாது, அவ்வளவுதானே?"

"ஆமா, கூடாது."

"அப்ப இந்தப் பொகைக்குழல்?"

"அதுவும் கூடாது. குடுங்க இங்க."

"சாகவும் விடமாட்டேங்கற, பொகைக்கவும் விடமாட்டேங்கற. உங்கப்பன்கூட என்னை இப்படிக் கட்டிப்போட்டதில்ல," என்று முணுமுணுத்தபடியே குழலை அவளிடம் கொடுத்தார்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி, அடுத்த குழுவை இறக்கிவிட வந்தபோது சாவடியருகே ஓட்டுநர் வாயிலாகக் கிடைத்தது. குழந்தைக்கு மலைப்பாதை தாங்கும் வயது வந்ததும் மகள் அதைக் கொண்டுவருவாள் என்றும் சொன்னார். வேன் வளைவில் மறைந்தது. அவள் திரும்பி நடந்தாள்.

அதுமுதல், தன் பிறந்த ஊருக்குள் நுழைந்ததும் அவள் செய்யும் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. பயணிகளைத் தேநீருக்கு அமர்த்துமுன், லோச்சேயின் இருமலை விசாரித்து, கீழிருந்து கொணர்ந்த மருந்தைத் தன் கண்ணெதிரே குடிக்கச் செய்வாள். பிறகு கறுப்பு நாயைத் தூணில் கட்டுவாள். கடைசியாக வீட்டைச் சுற்றிவந்து, ஏணி, பலகை, கழி எது கூரையில் சாய்ந்திருந்தாலும் தரையில் கிடத்துவாள். காலுறைகள் ஈரமாகவே இருக்கும். பயணிகள் ஈரக் காலோடுதான் இறங்குவார்கள்.