எக்வடாருக்காக உடைந்த எங்கள் மெஸ்

பழுத்த வாழைப்பழ வாசனை, கொதிக்கிற மீன் குழம்பு, காயப் போட்ட ஈர யூனிஃபார்ம்... மூன்றையும் கலந்து ஒரே மூச்சில் இழுத்தால், அதுதான் சவூதியில், ஜுபைல் கேம்ப்பில் எங்கள் ரூம்.

மூன்று பேர் இருந்தோம். ஃபர்னஸ் பக்கத்தில் டூட்டி பார்க்கும் செல்வம், தஞ்சாவூர் பக்கம். நெடுந்தீவுக்காரர் சிவம் அண்ணை. மழையைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த ராமநாதபுரத்து ஆள் நான்.

மெஸ் ஒன்று. அதாவது, சாமான் சேர்ந்து வாங்கி, ஒரே சட்டியில் ஆக்கி, சேர்ந்து சாப்பிடுவது. சமையல் அண்ணை. பாத்திரம் செல்வம். ருசி பார்ப்பது நான்.

அந்த வருடம் பழக்கடை மலையாளி சேட்டன் ஒரு காலண்டர் கொடுத்தார். அவர் கடை வாழைப்பழம் எல்லாம் எக்வடாரில் இருந்து வரும். காலண்டரும் அந்த நாட்டுப் படம்தான். தென் அமெரிக்காவில் ஒரு ஓரமாய் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி நாடு. ஆனால் ஜனவரியில் பனி மலை, ஏப்ரலில் மழைக்காடு, ஆகஸ்டில் நடுக்கடல் தீவில் ஒரு ராட்சத ஆமை!

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ரூமில் ஒரு பேச்சு இருந்தது. நானும் மறுத்ததில்லை. படத்துக்குக் கீழே இருந்ததை வாசித்து, இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்.

அவ்வளவுதான். அடுத்த லீவுக்கு எக்வடார் என்று முடிவாகிவிட்டது.

பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். கையில் இருந்தது சம்பளத்துக்கு முந்தைய வாரத்துக் காற்று. அதையெல்லாம் ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஒரே கவலை... முதலில் மலையா, காடா, தீவா?

“காலையிலேர்ந்து ஃபர்னஸ்கிட்ட வெந்துட்டு வர்றேண்ணே. எனக்கு ஐஸ் மேல படுக்கணும். ஆமையப் பாத்து நான் என்ன பண்ண?” என்பான் செல்வம்.

“ஐசில படுக்கிறதெண்டால் பிரிட்ஜுக்குள்ள போய்ப் படுடா. நான் கடலுக்க பிறந்தவன். எனக்குத் தீவுதான்” என்பார் அண்ணை.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க. காட்டுல தினம் மழையாம். நான் நனையணும்” என்பேன் நான்.

டூட்டி முடிந்து முதலில் வருபவன் காலண்டரைத் தன் பக்கத்துக்குத் திருப்பிவிடுவான். காலையில் ஜனவரி, சாயங்காலம் ஆகஸ்ட், குளித்துவிட்டு வந்தால் ஏப்ரல். தேதி பார்க்கப் பக்கத்து ரூமுக்குப் போனோம்.

ஒருநாள் செல்வம் பனி மலையை விரித்து, மற்ற தாள்களையும் சேர்த்துச் சுவரில் இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டிவிட்டான். அண்ணை வந்து பிய்த்தார். டேப்போடு ஆமையின் முன்னங்கால் போய்விட்டது.

அண்ணை கால் இல்லாத ஆமையை ரொம்ப நேரம் பார்த்தார்.

“கலாஸ். முடிஞ்சுது. மெஸ் கலாஸ். இனி உங்கட சோறு வேற, என்ர சோறு வேற.”

ஒரே ரூமில் இரண்டு அடுப்பு. அந்தப் பக்கம் தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பு மணக்கும். இந்தப் பக்கம் செல்வம் வைத்த சாம்பார்... பருப்பும் தண்ணீரும் எங்களை மாதிரியே பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனியாகக் கிடக்கும். வீராப்பாகச் சாப்பிட்டோம். நான் மூக்கை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பி வைத்தேன்.

இந்த நேரம் பார்த்து அண்ணைக்கு லீவு வந்தது. இப்படியே மனஸ்தாபத்தோடு போனால், திரும்பி வந்து வேறு ரூம் கேட்டுவிடுவார். அப்புறம் ஆயுசுக்கும் செல்வம் சாம்பார்!

ஊருக்குப் போகிறவருக்குப் பெட்டி கட்டுவது என்றால், ரூமே கூடிக் கட்டுவதுதான் வழக்கம். அண்ணை தனியாகக் கட்டினார். சேட்டன் கொடுத்த வாழைப்பழ அட்டைப்பெட்டி. பால் பவுடரும் சோப்பும் திணித்ததில், வாய் மூட மறுத்தது. ஒரு முழங்காலால் அமுக்கிக்கொண்டு, பல்லால் கயிற்றை இழுத்துக்கொண்டு... பார்க்கவே பாவமாக இருந்தது.

செல்வம் எழுந்தான். போய், பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

பெட்டி மூடிக்கொண்டது.

அண்ணை கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். நிமிரவே இல்லை. “உன்ர பாரத்துக்கு இண்டைக்குத்தான்ரா ஒரு பிரயோசனம்.”

முதலில் செல்வம்தான் சிரித்தான். பெட்டியும் சேர்ந்து குலுங்கியது.

நான் மார்க்கர் எடுத்து அண்ணை பெயரை எழுதக் குனிந்தேன். பக்கவாட்டில் பெரிதாக, எக்வடார் என்று அச்சடித்திருந்தது.

“பாத்தியளே... பெட்டியே அங்கயிருந்து வந்திட்டுது. நாங்கள் இன்னும் வழியில சண்டை பிடிக்கிறம்” என்றார் அண்ணை. “சரி சரி, தட்டை எடுங்கோ. குழம்பு கிடக்கு.”

சட்டியை வழித்த சத்தம் பக்கத்து ரூம் வரை கேட்டிருக்கும்.

அவர் திரும்பி வரும் வரை நாங்களே ஆமைப் பக்கத்தைத் திறந்து வைத்தோம். வந்த பிறகும் யாரும் திருப்பவில்லை. எங்கள் ரூமில் மீதி வருடம் முழுக்க ஆகஸ்ட்தான்.

இப்போது நான் ஷார்ஜா முவைலாவில், குடும்பத்தோடு. செல்வம் மஸ்கட் ரூவியில் கடை வைத்திருக்கிறான். அண்ணை ஊரோடு போய்விட்டார். பாஸ்போர்ட் என் அலமாரியிலேயே இருக்கிறது. டிக்கெட்டுக்கும் வழி இருக்கிறது. போன மாதம் வாட்ஸ்அப்பில் குரூப் தொடங்கினோம், நிஜமாகவே எக்வடார் போவதற்கு. முதல் நாளே சண்டை. செல்வம் குரூப்பை விட்டு வெளியேறினான். அண்ணை மறுபடி சேர்த்தார்.

“ஒரு குட்டி country அப்பா. Three uncles-ஆல decide பண்ண முடியலையா?” என்று என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் முடிவெடுத்தது எங்கள் உடம்புதான். மலை உயரத்தில் செல்வத்துக்கு மூச்சு வாங்கும். காட்டுச் சேற்றில் என் முழங்கால் நிற்காது.

“ஆமையோட நடக்க மூச்சும் வாங்காது, முழங்காலும் நோகாது. நான் அப்பவே சொன்னனான்!” என்றார் அண்ணை, வீடியோ காலில், பல்லெல்லாம் தெரிய.

தீவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. மகள் எனக்கு நான்கு சக்கர ட்ராலி வாங்கி வைத்திருக்கிறாள். ஒரு விரலால் இழுத்தால் ஜிப் மூடிக்கொள்கிறது.

நானோ கீழே பழக்கடையில் ஓர் அட்டைப்பெட்டி சொல்லி வைத்திருக்கிறேன். செல்வம் முதலில் இங்கேதான் வருகிறான்... வந்தால் உட்கார ஓர் இடம் வேண்டாமா?