ஆறாம் ஸ்தலத்துத் துணி

எங்கள் தெரு மேட்டில் ஏறும். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை ஊர்வலம் அந்த வழியாகத்தான் போகும். ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் பதினாலு ஸ்தலத்தையும் பதினாலு வீடுகள் பிரித்துக்கொள்ளும். எங்கள் வாசலுக்கு ஆறாவது: வெரோணிக்காள் ஆண்டவருடைய முகத்தைத் துணியால் துடைத்தது. மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த வீட்டுப் பெண் ஒருத்தி செபம் சொல்ல வேண்டும். அம்மா இருந்தவரை அவள் சொன்னாள், அவளுக்குப் பிறகு நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு அந்த ஒரு நாள்தான் சத்தம் வரும்.

பெரிய வெள்ளிக்கு முந்திய இந்தத் தபசு காலத்தில் தங்கச்சி கண் ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் தங்கினாள். தாண்டிக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். இப்போது அங்கே, பைபிளில் எழுதியது மட்டும் போதும் என்கிற ஒரு சபைக்குப் போகிறாள். நான் துணிக்கு நீலம் போடும்போது கேட்டாள்.

"ஏங்க்கா, அந்த வெரோணிக்காம்மா பைபிள்ல எங்க இருக்கு?"

"இருக்கும்டி."

"இருக்கும்னா? வாசி, கேப்பம்."

அவள் படிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அஞ்சாவது வரைக்கும் போனவள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆண்டவருடைய பாடுகளை நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். சிலுவை சுமந்த சீமோன் இருக்கிறார். அழுத பெண்கள் இருக்கிறார்கள். துணியோடு ஒருத்தி வரவேயில்லை.

மாற்கு எழுதியதில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"ஒரு மாதிரியா கெடக்கு."

"பைபிள்ல என்னக்கா ஒரு மாதிரி? வாசி."

ஆண்டவரைப் பிடித்த இடத்தில் ஒரு வாலிபன் துணியை மட்டும் போர்த்திக்கொண்டு பின்னால் போகிறான். அவனையும் பிடிக்கிறார்கள். துணியை விட்டுவிட்டு அம்மணமாக ஓடிப்போகிறான். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

"சிரிக்க வைக்காதக்கா, கண்ணு வலிக்கி."

"ஒங்க சபையில இவனப் பத்திச் சொன்னாங்களா?"

"இல்ல. ஒங்க பூசையில?"

"வாசிச்சிருப்பாங்க. எங் காதுல ஏறல."

சிரிப்பு அடங்கியதும் யோசனை வந்தது. சீடர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள் என்று அதற்கு முன்னால்தான் எழுதியிருக்கிறது. அப்படியானால் இவனை யார் பார்த்தது? தோட்டத்தில் ஆண்டவர் செபித்தபோது கூடப் போன மூன்று பேரும் தூக்கம். அந்தச் செபத்தைக் கேட்டவர் யார்? தங்கச்சியிடம் கேட்டேன்.

"ஆவியானவர் எழுத வச்சாரு" என்றாள்.

இருக்கலாம். ஆனாலும், யாரோ பார்த்து யாரிடமோ சொல்லியிருப்பார்களோ என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம் பயம். எழுதாத ஒன்றைத் தெருவே கேட்க நான் எப்படிச் சொல்வது? இந்த வருஷம் மேசை போடலாமா, கூடாதா?

பூசை முடிந்து கூட்டம் கலையும்வரை தூணோரம் நின்று சாமியாரிடம் கேட்டேன்.

"பைபிள்ல இல்லம்மா" என்று சட்டென்று சொல்லிவிட்டார். "எல்லாத்தையும் எழுதலன்னு யோவானே கடைசியில சொல்றாரே. எழுதறதுக்கு முந்தி வாயாலதான சொல்லிட்டு வந்தாங்க? திருச்சபை ரெண்டையும் சேத்துத்தான் வச்சிருக்கு."

"அப்ப வெரோணிக்காளும் அதுல சேத்தியா, சாமி?"

"அது பக்தியா வந்த கதை. நம்பலன்னா பாவமில்ல. சொன்னாலும் தப்பில்ல."

பாவமில்லை, தப்புமில்லை. தீர்ப்பை என்னிடமே விட்டுவிட்டார். முகம் துடைத்துவிட்டதை யாராவது ஒரு பெண் தன் அடுப்படியில் சொல்லியிருப்பாள், எழுதுகிறவர் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய வெள்ளியன்று மேசையைப் போட்டேன்.

தங்கச்சி வெளியே வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் வந்தது. செபத்தைச் சொன்னேன். பாட்டுச் சத்தம் ஏழாம் ஸ்தலத்துக்கு ஏறிப்போனது. மலை மஞ்சு மூட்டமாக இறங்கித் துணி நனைந்திருந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"ஒண்ண விட்டுட்டியேக்கா."

"என்னத்த?"

"'வெரோணிக்காள் அந்தத் துணி ஈரத்த ஒதறாம அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனா'ன்னு அம்மா கடைசியில சொல்லும்ல?"

செபப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இல்லை. அம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

துணியை உதறப்போன கை அப்படியே நின்றது.