மாமியார் பாறை ஏறிய வண்டி

அழகர்கோவில் மலையடிவாரத்தில், ஞாயிறு காலைகளில் நாங்கள் ரிமோட் வண்டி ஓட்டும் இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. இடுப்பு உயரம், நடுவில் ஒரு வெடிப்பு. எங்கள் குழுவில் அதற்கு மாமியார் பாறை என்று பேர். யார் ஏறப் போனாலும் மல்லாக்கத் தள்ளிவிடும். போன தை மாதம் என் வண்டி அதன் உச்சியில் போய் நின்றது.

"கலக்கிப்புட்டீங்க மதினி!" என்று எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது.

எங்களுடையவை முழங்கை நீள ஜீப்புகள், பாறை ஏறுவதற்கென்றே செய்தவை. வாங்கியபடியே யாரும் ஓட்டுவதில்லை. மெத்தென்ற டயர், இழுவை கூடிய மோட்டார், முன்பக்கம் தூக்காமல் இருக்கப் பித்தளைத் துண்டுகள் என்று வாரத்துக்கு ஒன்றை மாட்டுவார்கள். "ஓட்டத் தெரியாதவங்கதான் பார்ட்ஸ் மாத்துவாங்க" என்று ஒரு தடவை அத்தனை பேர் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அது எனக்கு மானப் பிரச்சினை. பெட்டியிலிருந்து எடுத்த மேனிக்கே ஓட்டினேன், ஆடியிலிருந்து வாராவாரம் விழுந்தேன். அந்த வண்டி இன்றைக்கு மட்டும் எப்படி ஏறும்?

நான் சட்டை கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். நன்றாக இருக்கிற சட்டையில் குறை தேடுவதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். மற்றவர்கள் கை தட்டியபோது என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். என் வண்டிக்கு ரிப்பேர் பார்ப்பது அவர்தான். பைக்கில் சிம்மக்கல் வரும்வரை நான் வாயே திறக்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. சந்தேகப்பட அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரைக் கறி வாங்க அனுப்பிவிட்டு, பேப்பரை விரித்து வண்டியைக் கவிழ்த்தேன். முன்சக்கரங்களைக் கழற்றினேன். சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் துண்டு பிளாஸ்டிக்கில் வரும். இதுவும் பார்க்கக் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பாறையில் உரசிய விளிம்பில் கறுப்பு உரிந்து மஞ்சள் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். பித்தளை.

அழுதுவிட்டேன். வண்டி ஏறிய வீடியோவை அதற்குள் செக்கிங் பிரிவு முழுக்க அனுப்பியிருந்தேன். ஆறு மாதம் முட்டி மோதி நான் ஏற்றியதாக நினைத்தால், ஏற்றியது இவருடைய பித்தளை.

கறிப் பையோடு உள்ளே வந்தவர் பேப்பரைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"நேத்துதான மாட்டுனீங்க?"

"இல்ல, ஐப்பசியில. பேட்டரி மாத்திருக்கேன், வண்டி கொஞ்சம் கனமா இருக்கும்னு சொன்னேன்ல, அப்ப."

"பொய்."

"அன்னைக்குச் சொன்னதுதான் பொய். நெசத்தச் சொன்னா கழட்டச் சொல்லுவ. அதுக்கப்புறமும் நீ எம்புட்டுத் தடவ விழுந்த, யோசிச்சுப் பாரு. ஏத்துனது நீதான்."

மாட்டிக்கொண்ட யாரும் இதைத்தான் சொல்வார்கள். ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவர், இன்னொன்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பித்தளையைக் கழற்றிவிடலாம் என்று ஸ்க்ரூத் தலையில் இருக்கும் குழியில் ஆலன் கீயை வைத்தேன். இறங்கவில்லை. குழி முழுக்க மண் அடைத்திருந்தது. தாலிச் செயினில் கிடந்த ஊக்கை எடுத்துக் குத்தினேன்.

அழகர்கோவில் பக்கம் செம்மண். குழியிலிருந்து கல்லு மாதிரி உதிர்ந்தது கரிசல்.

கரிசலில் நாங்கள் ஒரே ஒரு தடவைதான் ஓட்டியிருக்கிறோம். ஐப்பசிக் கடைசியில், டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில். மழைச் சகதியில் சக்கரம் புதைந்து வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தோம். மற்ற ஸ்க்ரூக்களையும் குத்திப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கரிசல். மண்ணைத் தோண்டாமல் கீ இறங்காது. அன்றைக்குப் பிறகு யாரும் இதைக் கழற்றவும் இல்லை, மாட்டவும் இல்லை. அப்படியென்றால் கார்த்திகையிலும் மார்கழியிலும் நான் விழுந்தது எல்லாம் இதே பித்தளையோடுதான். இன்றைக்கு நான் மாற்றியது ஒன்றே ஒன்று. எப்போதும் வலது சக்கரத்தை வெடிப்பில் விடுவேன், இன்றைக்கு இடதை விட்டேன்.

"ஏத்துனது நான்தான்!" என்று கத்தினேன். பித்தளை இருந்ததை அடுத்த ஞாயிறு எல்லோரிடமும் சொல்லியாக வேண்டும். சொல்லிக்கொள்ளலாம், அது வேறு. வெடிப்பில் வண்டியை விட்டது என் கை.

அவர் கறிப் பையைக் கீழே வைக்காமல் அவ்வளவு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நம்புறியா?"

"நம்புறேன்."

"பதினாறு வருசமாச்சு. இன்னும் மண்ணு வந்து சாட்சி சொன்னாத்தான் நம்புற."

கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கறியைக் கழுவ உள்ளே போனார். ஊக்கின் நுனியில் கரிசல் ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்துத் திரும்பத் தாலிச் செயினில் மாட்டும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.