கோடைக்கு விலைபோகாத வீடு

ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், கப்பல்கள் வருவது குறைந்த பிறகு, பழவேற்காட்டில் சரக்கைவிட வீடுகளே மிகுதியாக விலைக்கு வந்தன. கோட்டையை ஒட்டிய தெருவில் கச்சேரி உத்தியோகஸ்தர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளைச் சென்னப்பட்டணத்து ஆங்கிலத் துரைமார் முதலில் கோடைக்கு வாடகைக்கு எடுத்தார்கள். பங்குனியில் பட்டணம் கொதிக்கத் தொடங்கியதும் கட்டில், கோழிக்கூண்டு, சமையலுக்குக் குசினிக்காரர் சகிதம் படகுகளில் வந்து இறங்கி, வெயில் தணியும் வரை ஏரிக்கரையில் தங்கினார்கள். பிறகு சொந்தமாகவே வாங்கத் தலைப்பட்டார்கள். ஏரியைப் பார்த்த மாடியும் உப்புக் கரிக்காத கிணறும் இருந்தால் போதும். சுவர் இடிந்திருந்தாலும் அந்த வீட்டுக்கு ஆள் உண்டு.

எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. சுவரும் நன்றாகவே இருந்தது.

தந்தை விட்டுச்சென்ற அவ்வீடு எனக்கும் என் தம்பிக்கும் பொது. காட்டூரில் இருந்த சிறிது நன்செய் நிலமும் பொது. தம்பி பட்டணத்தில் துணி வியாபாரம் செய்தான். நான் ஒல்லாந்தர் கச்சேரியில் ஒல்லாந்து, ஆங்கில மொழிபெயர்ப்பு வேலை பார்த்து ஓய்ந்து, மனைவியுடன் அந்த வீட்டில் வாழ்ந்தேன். தை மாதத்தில் அவள் இறந்தாள். அன்று உத்திரட்டாதி நட்சத்திரம்.

அந்த நட்சத்திரத்தில் உயிர் பிரிந்தால், பிரிந்த இடத்தை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும் என்பது வழக்கம். அதை அடைப்பு என்பார்கள். வீட்டையே விட்டு வெளியேறுவோரும் உண்டு. தெருவார் எனக்கு இரங்கி, அறையை மட்டும் பூட்டினால் போதும் என்றார்கள். நான் வானநூல் கற்றவன். ஒருவர் இறந்த நேரத்து விண்மீன் ஓர் அறையை என்ன செய்யும் என்பதற்கு எந்த நூலிலும் காரணம் கண்டதில்லை. ஆயினும் பூட்டு வாங்கி வந்து பூட்டியவன் நானே. உள்ளே அவளுடைய புடவைகள் கொடியில் கிடந்தபடியே கிடந்தன. அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று ஆறு மாதத்துக்கு ஒருவரும் என்னைக் கேட்க முடியாது. அந்த வழக்கத்திடம் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவே.

சித்திரையில் தம்பி வந்தான். வாங்குவதற்கு ஒரு துரை இருப்பதாகச் சொன்னான்.

"இந்த வருஷம் வித்தாத்தாண்ணா வித்தது. அடுத்த கோடைக்கு தொரைங்க எண்ணூர் பக்கம் போயிடுவாங்கனு பட்டணத்துல பேசிக்கிறாங்க. நீங்களும் ஒத்தையில இங்க இன்னா பண்ணப் போறீங்க? எங்கூட வந்து இருங்க."

அவன் சொன்னதில் பிழையில்லை. பாதி வீடு அவனுடையது. விற்றால் அந்தக் கதவைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை நான் கையால் எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்பதைத் தவிர மறுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அதை ஒரு காரணமாக எடுத்துச் சொல்லவும் இயலாது. சரி என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதான். அந்த அறையப் பத்தி நீங்களா வாயத் தொறக்காதீங்க."

"கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்."

"தொரைக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? கேக்கவே மாட்டாரு."

துரை கேட்கவில்லைதான். மாடியில் நின்று ஏரியைப் பார்த்தார்; கிணற்று நீரைக் குடித்துப் பார்த்துத் தலையசைத்தார். அவருடைய குசினிக்காரர் மட்டும் புழக்கடையில், இறால் விற்க வந்த மீனவப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, பழவேற்காடுனா எறா குமியும்னாங்க. கூடையில ஒரு பிடி கூட தேறாது போல கீதே?"

"அடைப்பு நைனா. அடைப்புல எறா எங்கேந்து வரும்?"

"அடைப்பா? எந்த வூட்டுல?"

"எந்த வூடா? ஊருக்கே அடைப்புதான்! மழ வந்து தொறந்தாத்தான் எங்களுக்குச் சோறு."

அவள் சொன்னது முகத்துவாரத்தை. கோடையில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் தூர்ந்து வழி மூடிக்கொள்ளும். எங்கள் ஊரில் அதற்கும் அடைப்பு என்றே பெயர். பட்டணத்துக்காரருக்குத் தெரிந்த அடைப்பு ஒன்றுதான். குசினிக்காரர் முகம் வெளுத்து முற்றத்துக்கு ஓடி வந்தார்.

"ஊரே அடைப்புல கீதுனு சொல்லுது அந்தம்மா. எத்தினி சாவு வுழுந்துச்சு இங்க? இங்க இன்னாத்துக்கு எங்க தொரைய இட்டாந்தீங்க?"

தம்பி வயிறு குலுங்கச் சிரித்தான். "யோவ், அது ஏரி மொகத்துவாரம்யா! மணல் அடைச்சிக்கினு கீது. நல்ல ஆளுய்யா நீ."

குசினிக்காரரும் வெட்கத்தோடு சிரித்தார். ஆனால் அவர் பார்வை பூட்டின்மேல் விழுந்துவிட்டது.

"அப்போ இது இன்னா பூட்டு?"

"ஓட்ட ஒடசல் சாமான் கெடக்குது," என்றான் தம்பி.

"பெரியவரு சொல்லட்டும்."

தம்பி என்னைப் பார்த்தான். ஓட்டை உடைசல் என்ற சொல்லை அந்த அறையின்மேல் விட்டுவைக்க என்னால் முடியவில்லை.

"அந்தப் பெண் சொன்னது ஏரியை. இங்கே இருப்பது வேறு அடைப்பு. என் மனைவி இந்த அறையில்தான் காலமானாள். ஆடி வரை திறப்பதில்லை," என்றேன். துரைக்கும் அவர் மொழியில் சொன்னேன்.

துரை தொப்பியைக் கழற்றினார். வருத்தம் தெரிவித்துவிட்டு, தமக்குத் தடையில்லை என்றும், ஆடி வரை மற்ற அறைகளே போதும் என்றும் சொன்னார். அப்படியானால் ஆடியில் அந்தக் கதவை நான் திறந்தே ஆக வேண்டும்.

"தொரை தாராளமா இருக்கட்டும்," என்றார் குசினிக்காரர். "சோறாக்க மட்டும் வேற ஆளப் பாத்துக்கட்டும்."

துரை அதன் பொருளைக் கேட்டார். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அவர் மாடியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தம் குசினிக்காரரை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியை அணிந்துகொண்டார். கோட்டைத் தெருவில், உப்புத் தண்ணீர்க் கிணறுள்ள வேறொரு வீட்டை அவர் வாங்கியதாகப் பின்னர் அறிந்தேன்.

"உங்க வாய்க்கும் ஒரு பூட்டு வாங்கியிருக்கணும்ணா," என்றான் தம்பி.

அவனுக்குச் சோறு போட்டேன். அவன் கோபமாகவே இரண்டு கவளம் உண்டான். பிறகு நிறுத்தினான்.

"கொழம்பு நீங்க வெச்சதா?"

"ஆம்."

"இதைக் குடுத்திருந்தா அந்த குசினிக்காரன் அடைப்பு இல்லாமயே ஓடியிருப்பான்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவன் பூட்டிய கதவின் பக்கம் பார்த்தான். அண்ணி கையால் உண்டு வளர்ந்தவன் அவன்.

"அந்த குசினிக்காரன் பட்டணம் பூரா சொல்லிடுவான். இனிமே தரகன் ஒருத்தனும் இந்த வூட்டுக்கு வரமாட்டான். எனக்கும் அந்தக் கதவத் தாண்டி நடக்கறப்போ ஒரு மாதிரிதான் இருக்குது. காட்டூர் நெலத்த எனக்கு வுட்டுடுங்க. வூட்ட நீங்களே வெச்சிக்கோங்க."

"நிலத்தின் மதிப்பு குறைவாயிற்றே."

"நெல்லு வெளையும்ணா. வூடு இன்னா வெளையும்?"

மறுநாளே தெருப் பெரியவர்கள் முன்னிலையில் அப்படியே எழுதிக்கொண்டோம். அவனைப் படகேற்றிவிட்டுத் திரும்பும்போது கால்கள் இலேசாக இருந்தன. அவள் போன பின் அப்படி நடந்ததில்லை. அதை எண்ணிச் சிறிது கூசினேன். ஆயினும் நடை அப்படியேதான் இருந்தது.

ஆடியில் ஆறு மாதம் நிறைந்ததும் அண்டை வீட்டார் வந்து, இனி அறையைத் திறக்கலாம் என்றார்கள். திறக்கிறேன் என்றேன். எந்த நாளில் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்த வீட்டில் பங்குள்ளவர் வேறு எவரும் இல்லை.